200 மில்லி நானோ சிலிக்காவில் எம்20 எம்40 ஆகுமா?

2 மார்ச் 2023, இரவு 9.40 (கேட்டவர்)

நாகப்பட்டினத்துக்குத் தெற்கே, கடலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் வீடு கட்டுகிறேன். அடுத்த மாதம் ரூஃப் காங்கிரீட். பிபிசி சிமெண்ட் (ஃபிளை ஆஷ், அதாவது அனல் மின் நிலையச் சாம்பல், கலந்தது), எம்-சாண்ட், 20 மில்லிமீட்டர் ஜல்லி. காங்கிரீட்டின் வலிமைத் தரம் எம்20 என்று பேசியிருக்கிறோம். கடைக்காரர் ஒரு கேனைக் காட்டி, "நானோ சிலிக்கா சார், மூட்டைக்கு 200 மில்லி ஊற்றுங்கள், எம்20 கலவையே எம்40 ஆகிவிடும், கம்பியும் துருப்பிடிக்காது" என்கிறார். மேஸ்திரி சிரிக்கிறார். இன்ஜினியர் "போட்டால் கெடுதல் இல்லை" என்கிறார். அண்ணா, யாரை நம்புவது?

2 மார்ச், இரவு 11.15 (பதில் சொன்னவர்; இனி வருவதெல்லாம் இவரே)

மேஸ்திரியை நம்புங்கள் தம்பி. கேனை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். எல்லாம் விற்பனைப் பேச்சு.

3 மார்ச், காலை 6.30

நேற்று தூக்கக் கலக்கத்தில் எழுதியது. "எல்லாம்" என்ற சொல்லை வாபஸ் வாங்குகிறேன். சரக்கு உண்மையானது. கடைக்காரர் அதற்குக் கட்டிய மாலைதான் பெரிது.

சிமெண்டும் தண்ணீரும் சேரும்போது இரண்டு பொருள்கள் பிறக்கின்றன. ஒன்று கால்சியம் சிலிகேட் ஹைட்ரேட். பசை மாதிரி எல்லாவற்றையும் பிடித்துக்கொள்வது இதுதான். வலிமை முழுக்க இதன் கையில். இன்னொன்று சுண்ணாம்பு, அதாவது கால்சியம் ஹைட்ராக்சைடு. 100 கிலோ சிமெண்ட் முழுதாக வினை புரிந்தால் 20 கிலோவுக்கு மேல் இந்தச் சுண்ணாம்பு கிடைக்கும். வலிமைக்கு இதனால் பெரிய உபகாரம் இல்லை. தட்டுத் தட்டாகப் படிகமாகி, அதிலும் ஜல்லியைச் சுற்றியிருக்கும் மெல்லிய வளையத்தில்தான் கூட்டமாகப் போய் உட்காரும். காங்கிரீட் உடையும்போது விரிசல் முதலில் தேடிப் போவது அந்த வளையத்தைத்தான்.

படிகமாகாத சிலிக்காவை உள்ளே விட்டால் அது இந்தச் சுண்ணாம்பைத் தின்று மறுபடி அதே பசையை உண்டாக்கும். ஃபிளை ஆஷ் செய்வதும் இதைத்தான். நானோ சிலிக்கா அதையே அவசரமாகச் செய்கிறது, ஏனென்றால் துகள் அத்தனை பொடி. சிமெண்ட் துகள் ஒரு பெரிய பூசணிக்காய் என்றால், சிலிக்கா ஃபியூம் (உலைப் புகையில் பிடிக்கும் சிலிக்காத் தூள்) ஓர் உளுந்து, நானோ சிலிக்கா ரவை. சிமெண்ட் துகள் சராசரியாக 15 மைக்ரான் அளவு. நானோ சிலிக்கா 5 முதல் 50 நானோமீட்டர். ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு.

வேலைக்குக் கிளம்புகிறேன். கணக்கு சாயங்காலம்.

3 மார்ச், இரவு 8.50

கணக்கு.

எம்20 என்றால் 150 மில்லிமீட்டர் க்யூப் (சோதனைக்கு வார்க்கும் காங்கிரீட் கட்டி) 28ஆம் நாளில் சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் தாங்க வேண்டும். எல்லா க்யூபும் ஒரே மாதிரி வராது, அதனால் கலவையை வடிவமைக்கும்போது கொஞ்சம் மேலே குறி வைப்போம். கலவை வடிவமைப்புக்கான இந்திய விதி ஐஎஸ் 10262 சொல்லும் வாய்பாடு: 20 உடன் 1.65 மடங்கு 4 கூட்டு, 26.6 (4 என்பது க்யூபுக்கு க்யூப் வரும் ஏற்ற இறக்கத்துக்கு; எம்40க்கு அது 5). எம்40க்கு அதே வாய்பாட்டில் 40 உடன் 1.65 மடங்கு 5, 48.25. ஆக 26.6ஐ 48.25க்குத் தூக்க வேண்டும். 81 சதவீத உயர்வு.

ஆய்வகத்தில், நன்றாகக் கலக்கி, சிமெண்ட் எடையில் 1 முதல் 3 சதவீதம் நானோ சிலிக்கா போட்டால் 28ஆம் நாள் வலிமையில் பொதுவாகச் சொல்லப்படும் உயர்வு 10 முதல் 25 சதவீதம். 25 என்றே தாராளமாக வைத்தாலும் 26.6 போய் 33.25 ஆகும். எம்25 தாராளமாகத் தேறும். எம்40 கனவு.

இனி அந்த 200 மில்லி. திரவ வடிவில் வருவது தண்ணீரில் மிதக்கும் சிலிக்கா, கொலாய்டல் சிலிக்கா என்பார்கள். 30 சதவீதத் திடப்பொருள் உள்ள திரவம் லிட்டருக்குச் சுமார் 1.2 கிலோ எடை. 200 மில்லி என்றால் 240 கிராம். அதில் சிலிக்கா 72 கிராம். ஒரு மூட்டை சிமெண்ட் 50 கிலோ. 72 கிராம் அதில் 0.144 சதவீதம்.

புரிகிறதா? சொல்லிக் காட்டுவது 2, 3 சதவீதம் போட்ட ஆய்வின் பலனை. கேனில் விற்பது அதில் பதினைந்தில், இருபதில் ஒரு பங்கு. கல்யாணப் பந்தியின் போட்டோவைக் காட்டிவிட்டு இலையில் ஊறுகாய் மட்டும் வைத்த கதை.

4 மார்ச், காலை 7.05

மேலே 30 சதவீதம் என்று எழுதியது நானே வைத்துக்கொண்டது. கேட்டவர் கேனின் லேபிளைப் படித்து அனுப்பியிருக்கிறார். "நானோ தொழில்நுட்பம்" என்று பெரிதாக இருக்கிறதாம், திடப்பொருள் எவ்வளவு என்று எங்கும் இல்லையாம். 15 சதவீதச் சரக்காக இருந்தால் மேலே சொன்னதில் பாதிக்கும் கீழே.

வீட்டிலேயே பார்க்க ஒரு வழி உண்டு. பழைய எவர்சில்வர் கிண்ணத்தில் 100 கிராம் ஊற்றி, சிறு தீயில் வற்றவிட்டு, மிஞ்சுவதை நிறுத்துப் பாருங்கள். 30 கிராம் வெள்ளைத் தூள் மிஞ்சினால் 30 சதவீதம்.

4 மார்ச், காலை 7.40

கிண்ணத்தில் மிஞ்சுவது எல்லாமே சிலிக்கா என்று நினைத்துவிட வேண்டாம். வேறு பாலிமர் கலந்திருந்தால் அதுவும் நிற்கும். ஒன்றுமே மிஞ்சாவிட்டால் கடைக்காரரிடம் பேச அது ஒன்று போதும். அந்தக் கிண்ணத்தில் மறுபடி சாப்பிடாதீர்கள். தூளை ஊதியும் பார்க்காதீர்கள்.

5 மார்ச், மதியம்

ஞாயிற்றுக்கிழமை. கொஞ்சம் பழைய கதை.

ரெடிமிக்ஸ் ஆலை ஒன்றில் பரிசோதனைக் கூடத்தில் இருந்தபோது (பெயர் வேண்டாம்) எம்60 வேண்டும் என்று ஒரு வேலை வந்தது. சிலிக்கா ஃபியூம் மூட்டை வந்து இறங்கியது. அவசரம். மிக்சருக்குள் ஜல்லி, மணல், சிமெண்ட், தண்ணீர் எல்லாம் சுற்றிக்கொண்டிருக்க, ஒருவர் மேலே ஏறி மூட்டையை அப்படியே கவிழ்த்தார். ஏழாம் நாள் க்யூப்கள் எதிர்பார்த்ததற்குக் கீழே நின்றன. சிமெண்டைத் திட்டினோம், ஜல்லியைத் திட்டினோம். பிறகு உடைந்த க்யூபைக் கையில் எடுத்துப் பார்த்தால் உள்ளே மிளகு மிளகாகச் சாம்பல் நிற உருண்டைகள். நகத்தால் கீறினால் பொடியாக உதிர்ந்தது. வலிமை தர வந்த சரக்கு கரையாமல் உருண்டு, ஒவ்வொன்றும் ஓர் ஓட்டைக்குச் சமமாகிவிட்டது.

கேப்பைக் கூழ் கிண்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கொதிக்கிற தண்ணீரில் மாவை நேரே கொட்டினால் கட்டி தட்டும். உள்ளே பச்சை மாவு அப்படியே இருக்கும். முதலில் குளிர்ந்த நீரில் கரைத்துக்கொண்டுதான் ஊற்ற வேண்டும். துகள் சிறுக்கச் சிறுக்க ஒன்றோடொன்று ஒட்டும் ஆசை கூடும். ஃபியூமுக்கே இந்த கதி என்றால், அதைவிடப் பத்து மடங்கு பொடியான நானோ தூளைக் கையால் தூவிக் கலப்பதை யோசித்துப் பாருங்கள். அளவு ஒரு எல்லையைத் தாண்டினால் வலிமை ஏறாமல் இறங்குவதற்கும் இதுதான் முக்கியக் காரணம்.

திரவமாக வருவதால் கட்டி தட்டாது என்று கடைக்காரர் சொல்லக்கூடும். கேனில் இருக்கும்வரை சரி. சிமெண்ட் கலந்த நீரில் கால்சியம் அயனிகள் நிறைய. அவற்றைச் சந்தித்த கணமே மிதந்துகொண்டிருந்த துகள்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு கூழாகத் தொடங்கும். அதனால் திரவத்தைக் கலவை நீரில் நன்றாக விரவிவிட்டு, மிக்சர் ஓடிக்கொண்டிருக்கும்போது ஊற்றி, வழக்கத்தைவிட அதிக நேரம் சுற்ற வேண்டும். சட்டியில் அள்ளி மண்வெட்டியால் புரட்டுகிற இடத்தில் இது வேலைக்கு ஆகாது.

7 மார்ச், இரவு

ஒருவர் "இத்தனை பொடி என்றால் பரப்பு எவ்வளவு" என்று கேட்டிருந்தார். ஒரு கிராம் நானோ சிலிக்காவுக்கு 200 சதுர மீட்டர் என்பது சாதாரணம். சதுர அடியில் 2150. ஒரு கிரவுண்டுக்குக் கொஞ்சம்தான் குறைவு. பத்திரப்பதிவு செய்ய முடிந்தால் சென்னையில் எல்லோரும் வீட்டுக்காரர்கள்.

ஒரு கிராம் சிமெண்டுக்கு 0.3 சதுர மீட்டர். விரித்த செய்தித்தாளைவிடச் சிறியது.

சிரித்துவிட்டு இதையும் யோசியுங்கள். அந்த ஒரு கிரவுண்டு முழுவதும் நனைய வேண்டும். தண்ணீர் எங்கிருந்து வரும்? கலவையிலிருந்துதான். அதனால்தான் இதைப் போட்டதும் கலவை இறுகும், சிலம்ப் (கலவையின் இளக்க அளவு) விழும். மேஸ்திரி என்ன செய்வார்? வாளியை எடுப்பார். ஒரு மூட்டைக்கு 25 லிட்டர் என்று இருந்ததில் இன்னும் 5 லிட்டர் விட்டால் தண்ணீர்-சிமெண்ட் விகிதம் 0.5இலிருந்து 0.6. தண்ணீர் கூடக் கூட வலிமை இறங்கும் என்று 1918இலேயே சிகாகோவில் டஃப் ஏப்ரம்ஸ் எழுதி வைத்துவிட்டார். நானோ கொடுத்ததை வாளி வாங்கிக்கொள்ளும், மேலேயும் கொஞ்சம் பிடுங்கும். இறுகினால் சூப்பர்பிளாஸ்டிசைசர்தான் (தண்ணீர் கூட்டாமலே கலவையை இளக்கும் மருந்து) விட வேண்டும், தண்ணீர் அல்ல.

8 மார்ச்

இழை எங்கேயோ போகிறது என்று ஒருவருக்கு வருத்தம். இன்னும் கொஞ்சம் போகட்டும்.

"நம் முன்னோர் நானோ இல்லாமலே கட்டவில்லையா" என்று ஒரு வாட்ஸ்அப் பதிவை ஒருவர் ஒட்டியிருந்தார். கட்டினார்கள். முல்லைப் பெரியாறு அணை 1895இல் முடிந்தது. சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த சாந்து. சுர்க்கி என்றால் சுட்ட செங்கல் தூள். சுட்ட களிமண்ணில் இருக்கும் சிலிக்காவும் அலுமினாவும் சுண்ணாம்போடு மெதுவாக வினை புரிந்து பசையாகும். ரோமானியர்கள் எரிமலைச் சாம்பலைப் போட்டார்கள். வேதியியல் ஒன்றுதான். அவர்கள் வருடக்கணக்கில் காத்திருந்தார்கள், நாம் ஏழாம் நாள் சென்ட்ரிங் பிரிக்க முடியுமா என்று கேட்கிறோம். அவ்வளவுதான் வித்தியாசம். "நானோவைத் தமிழன் கண்டுபிடித்தான்" என்று இதைத் திரித்து அனுப்ப வேண்டாம்.

தஞ்சாவூர்க்காரர் ஒருவர் உமிச் சாம்பலைக் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. நெல்லின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உமி, உமியை எரித்தால் அதில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல். ஒரு டன் நெல்லுக்கு 40 கிலோ. அந்தச் சாம்பலில் பத்தில் ஒன்பது பங்கு சிலிக்கா. நானோ சிலிக்காவை இதிலிருந்து பிரித்தும் எடுக்கிறார்கள். ஆனால் ரைஸ் மில் பாய்லரில் அள்ளியதை அப்படியே போடலாமா என்றால் கூடாது. 700 டிகிரிக்கு மேல் வெந்தால் சிலிக்கா படிகமாகத் தொடங்கி மந்தமாகிவிடும். அரைகுறையாக வெந்தால் கரி நிற்கும். அந்தக் கரி நாம் ஊற்றும் சூப்பர்பிளாஸ்டிசைசரை உறிஞ்சிக்கொள்ளும். சரியான சூட்டில் எரித்து, நன்றாக அரைத்தால் மட்டும் பயன். அரைத்தாலும் அது உமிச் சாம்பல்தான், நானோ ஆகிவிடாது.

11 மார்ச், சனி இரவு

வாயாலேயே எத்தனை நாள் பேசுவது. இன்று க்யூப் போட்டுவிட்டேன்.

கோவையில் வார்ப்படம் வார்க்கும் நண்பர் ஒருவர் இருக்கிறார். மெழுகு அச்சின் மேல் ஓடு கட்ட அவர்கள் கொலாய்டல் சிலிக்காவைத்தான் பிணைப்பாகப் பயன்படுத்துகிறார்கள். அவரிடம் 30 சதவீதச் சரக்கு ஐந்து லிட்டர் வாங்கினேன். அதில் என்ன இருக்கிறது என்பதாவது தெரியும்.

மூன்று கலவை, ஒவ்வொன்றும் 12 கிலோ பிபிசி, 6 லிட்டர் தண்ணீர், ஒரே ஜல்லி, ஒரே எம்-சாண்ட். முதலாவது வெறும் கலவை. இரண்டாவதில் கடைக்காரர் கணக்குப்படி 48 மில்லி. மூன்றாவதில் 2 சதவீதம்: சிலிக்கா 240 கிராம், திரவமாக 800 கிராம், அளவில் ஏறக்குறைய 670 மில்லி. இரண்டாவதையும் மூன்றாவதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று காபி டபராவில் பாதி, இன்னொன்று ஒரு பெரிய செம்பு. இரண்டுக்கும் பெயர் "நானோ சிலிக்கா காங்கிரீட்"தான்.

மூன்றாவது கலவை எதிர்பார்த்த அளவு இறுகவில்லை. ஆச்சரியம்தான்.

12 மார்ச், காலை 5.50

ஆச்சரியம் இல்லை. முட்டாள்தனம். விடிகாலையில் விழிப்பு வந்ததும் உறைத்தது.

800 கிராம் திரவத்தில் 240 சிலிக்கா போக 560 கிராம் தண்ணீர். அதை 6 லிட்டரில் கழிக்க மறந்துவிட்டேன். தண்ணீர்-சிமெண்ட் விகிதம் 0.5 என்று எழுதி வைத்திருக்கிறேன், உள்ளே இருப்பதோ 0.547. வாளியோடு வரும் மேஸ்திரியைக் கிண்டல் செய்து ஐந்து நாள்தான் ஆகிறது.

மூன்றாவது தொகுதி மறுபடி போடுகிறேன். தப்பானதையும் தூக்கிப் போடப் போவதில்லை, அதுவும் கிடக்கட்டும்.

12 மார்ச், மாலை

போட்டாயிற்று. தண்ணீரைக் கழித்ததும் கலவை இட்லி மாவுப் பதத்திலிருந்து கொழுக்கட்டை மாவுப் பதத்துக்கு வந்துவிட்டது. சூப்பர்பிளாஸ்டிசைசர் விட்டுத்தான் அச்சில் இறங்கியது. வைப்ரேட்டர் இல்லாமல் கையால் குத்தியிருந்தால் தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாகத்தான் வந்திருக்கும்.

15 மார்ச்

மூன்றாம் நாள் உடைப்பு முடிந்தது. எண்களை இங்கே போடமாட்டேன். நாளுக்கு மூன்று க்யூப் வைத்து நான் விளையாடுவதை யாராவது "ஆய்வு முடிவு" என்று எடுத்துப் போய் விளம்பரத்தில் ஒட்டிவிடுவார்கள்.

திசையை மட்டும் சொல்கிறேன். 48 மில்லியும் வெறும் கலவையும் ஒன்றுதான். 2 சதவீதம் (தண்ணீர் கழித்தது) சந்தேகமே இல்லாமல் முன்னால். தண்ணீர் கழிக்காததுகூட வெறும் கலவைக்குக் கொஞ்சம் மேலே. இதை நான் எதிர்பார்க்கவில்லை.

19 மார்ச்

ஏழாம் நாளும் அதே வரிசை. ஆரம்ப நாட்களில் ஏன் இந்தப் பாய்ச்சல்? சுண்ணாம்பைத் தின்பது ஒரு காரணம் என்று 3ஆம் தேதி எழுதினேன். இன்னொன்றை விட்டுவிட்டேன், முதல் நாட்களில் அதுதான் பெரியது.

பாலுக்கு உறை ஊற்றுகிறோம் இல்லையா, அது மாதிரி. சிமெண்டின் பசை வளர ஒரு பிடிமானம் வேண்டும். சாதாரணமாக அது சிமெண்ட் துகளின் மேலேயே படியும். நடுவில் உள்ள நீரில் லட்சோபலட்சம் நானோ துகள்கள் மிதந்தால், ஒவ்வொன்றும் ஒரு பிடிமானம். பசை அங்கங்கே முளைக்கிறது, வினை சீக்கிரம் கிளம்புகிறது. பிபிசியில் 15 முதல் 35 சதவீதம் ஃபிளை ஆஷ். அது சோம்பேறி, மெதுவாகத்தான் எழும். அதோடு நானோ சேரும்போது அந்த ஆரம்ப மந்தம் குறைகிறது. ஃபிளை ஆஷ் அதிகம் போட்ட கலவைகளில் இதைச் சேர்த்துப் பார்ப்பதன் தர்க்கம் இதுதான். நான் ஆரம்பத்தில் சிரித்ததற்கு இது பதிலடி. வாங்கிக்கொள்கிறேன்.

23 மார்ச்

கேட்டவரின் இரண்டாம் கவலை கம்பி. "சுண்ணாம்பைத் தின்றுவிட்டால் கம்பிக்குப் பாதுகாப்பு போய்விடாதா?" என்று இன்னொருவர் எதிர்ப்பக்கத்திலிருந்து கேட்கிறார். இரண்டுக்கும் சேர்த்து.

காங்கிரீட்டுக்குள் சுண்ணாம்பின் காரத்தால் பிஎச் 12.5க்கு மேல் இருப்பதால் கம்பியின் மேல் ஒரு மெல்லிய படலம் உண்டாகிக் காக்கிறது. ஒரு கிலோ சிலிக்கா ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு கிலோ சுண்ணாம்பைத் தின்னும். 100 கிலோ சிமெண்டில் 2 கிலோ நானோ போட்டால் போவது அதிகபட்சம் 4 கிலோ. இருப்பது 20க்கு மேல். (பிபிசியில் இருப்பு குறைவு, ஃபிளை ஆஷும் தன் பங்கைத் தின்னும். ஆனாலும் இந்த 2 சதவீதத்தால் படலம் போய்விடாது.)

கடலோரத்தில் எதிரி குளோரைடு. அது துளைகள் வழியாக நீரோடு ஊர்ந்து போய்க் கம்பியைத் தொட்டதும் அந்தப் படலத்தை உடைக்கும். நானோ சிலிக்கா துளைகளை நுணுக்கி, ஒன்றோடொன்று இணைந்த வழிகளை அடைக்கும். குளோரைடின் பயணம் மெதுவாகும். என்னைக் கேட்டால் இதுதான் இந்தச் சரக்கின் நிஜமான மதிப்பு. க்யூப் உடைக்கும் மெஷினில் இது தெரியாது. நாம் எல்லோரும் 28ஆம் நாள் எண்ணைப் பிடித்துத் தொங்குவதால் கடைக்காரரும் அந்த எண்ணையே விற்கிறார்.

ஆனால் "துருப்பிடிக்காது" என்பது பொய். மெதுவாகும், அதுவும் ஒழுங்காகப் போட்டால்.

27 மார்ச், இரவு

கடல் காற்றைப் பற்றி ஒரு குறிப்பு. சாதாரணத் தளத்தில் மட்டம் அடித்த பிறகு மேலே கொஞ்சம் தண்ணீர் கசிந்து நிற்கும், பார்த்திருப்பீர்கள். அந்தத் தண்ணீர் மேற்பரப்பைக் காப்பாற்றுகிறது. நானோவும் ஃபியூமும் போட்ட கலவையில் அது அநேகமாக வராது. வெயிலும் காற்றும் சேர்ந்தால் தளம் இறுகுவதற்கு முன்னாலேயே மேலே காய்ந்து, கோழி கீறின மாதிரி வெடிப்பு விழும். மட்டம் அடித்த கையோடு பாலிதீன் விரிக்க வேண்டும். பகல் பதினொரு மணிக்கு ஆரம்பிக்காமல் விடிகாலையில் ஆரம்பியுங்கள்.

அப்புறம் தண்ணீர் கட்டுவது. காங்கிரீட் கட்டுமானத்துக்கான இந்திய விதி ஐஎஸ் 456, சாதாரண சிமெண்டுக்கு 7 நாள், பிபிசி போன்றவற்றுக்கு 10 நாள் குறைந்தபட்சம் என்கிறது; 14 வரை நீட்டினால் நல்லது என்றும் சொல்கிறது. பாத்தி கட்டி நிறுத்துங்கள். மூன்றாம் நாள் மேலே செங்கல் ஏற்றிவிட்டு "அண்ணே, காலையில் ஹோஸ் அடித்தேன்" என்று சொல்லும் வேலை வேண்டாம்.

9 ஏப்ரல்

28ஆம் நாள்.

48 மில்லித் தொகுதி வெறும் கலவையோடு ஒட்டியே நிற்கிறது. ஒரே கலவையில் மூன்று க்யூபுக்குள் வரும் ஏற்ற இறக்கத்தைவிட இந்த இரண்டுக்கும் இடையேயான வித்தியாசம் சிறியது. ஒரு மாதிரியின் மூன்று க்யூபும் சராசரியிலிருந்து 15 சதவீதத்துக்குள் இருந்தால் போதும் என்று ஐஎஸ் 456 விதியே இடம் கொடுக்கிறது. அந்தப் புகைக்குள் இரண்டு சதவீதம், மூன்று சதவீதம் என்று எவனும் நிரூபிக்க முடியாது.

2 சதவீதத் தொகுதி மேலேதான். ஆனால் ஏழாம் நாளில் இருந்த இடைவெளி இப்போது பாதியாகிவிட்டது. மற்றவர்கள் ஓடி வந்து எட்டிப் பிடிக்கிறார்கள்.

நான் தண்ணீர் கழிக்க மறந்த தொகுதி வெறும் கலவைக்குக் கீழே போய்விட்டது. அரை லிட்டர் தண்ணீர், அத்தனை விலை கொடுத்து வாங்கிய சிலிக்காவை மொத்தமாகச் சாப்பிட்டுவிட்டது. மூன்றாம் நாளில் உடைத்து அத்தோடு நிறுத்தியிருந்தால் அதையும் வெற்றி என்று எழுதியிருப்பேன். யாராவது மூன்றாம் நாள், ஏழாம் நாள் எண்ணை மட்டும் காட்டினால் இருபத்தெட்டாவது எங்கே என்று கேளுங்கள்.

ஒரு க்யூப் மூலையில் சரிந்து உடைந்தது. அச்சு கோணல். கணக்கில் சேர்க்கவில்லை.

10 ஏப்ரல், காலை

முதல் நாளே சொல்ல வேண்டியதை இன்றுதான் சொல்கிறேன், வெட்கமாக இருக்கிறது. கேட்டவர் எம்20 எம்40 ஆகுமா என்றார். நான் பெருக்கல் வகுத்தலில் இறங்கிவிட்டேன். கடலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் எம்20 ஏன் என்று அன்றே கேட்டிருக்க வேண்டும்.

கடலோரச் சூழலுக்குத் திறந்திருக்கும் ஆர்சிசியை ஐஎஸ் 456 "கடுமை" வகையில் வைக்கிறது. அதற்குக் குறைந்தது எம்30, தண்ணீர்-சிமெண்ட் விகிதம் 0.45க்கு மிகாமல், கனமீட்டருக்குச் சிமெண்ட் 320 கிலோவுக்குக் குறையாமல், கம்பிக்குமேல் காங்கிரீட் மறைப்பு 45 மில்லிமீட்டர். உப்புக் காற்று நேரே படாமல் மறைவாக இருக்கும் பகுதிக்குக்கூட எம்25. எம்20 இந்த இடத்துக்கு ஆகவே ஆகாது. 1:1½:3 (சிமெண்ட், மணல், ஜல்லி) என்று சட்டிக் கணக்கில் போடும் கலவை எம்20 வரைதான் செல்லும். மேலே போனால் வடிவமைத்த கலவை வேண்டும். 20 மில்லிமீட்டர் கவர் பிளாக்கை (மறைப்புக்காகக் கம்பியைத் தூக்கி நிறுத்தும் கட்டை) வைத்துவிட்டு கேனை நம்புவது வாசலைத் திறந்து போட்டுவிட்டு ஜன்னலுக்குப் பூட்டு வாங்குகிற கதை.

தம்பி, இன்ஜினியரிடம் எம்30 வடிவமைப்புக் கேளுங்கள். ரெடிமிக்ஸ் கிடைத்தால் அதுவே நல்லது, கலவை லாரியில் வந்து நின்றதும் டிரைவரைத் தண்ணீர் விடச் சொல்லாமல் இருக்க ஒரு ஆளை நிறுத்துங்கள். கேன் காசைச் சரியான கவர் பிளாக்குக்கும் பாலிதீனுக்கும் கொடுங்கள்.

நானோ சிலிக்கா வேண்டவே வேண்டாமா என்றால், ப்ரீகாஸ்ட் (முன்கூட்டியே வார்த்து அனுப்பும்) ஆலையில் அச்சைச் சீக்கிரம் பிரிக்க வேண்டியிருக்கும்போது, ஃபிளை ஆஷ் நிறைய போடும்போது, எம்60க்கு மேலே போகும்போது, எடை போட்டுக் கலக்கும் மிக்சரும் ஈரப்பதம் பார்க்கிற ஆளும் இருந்தால் தாராளமாகப் போடலாம். நானே போடுவேன்.

10 ஏப்ரல், இரவு

"போட்டால் கெடுதல் இல்லை" என்ற இன்ஜினியரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்று கேட்கிறார்கள். என் மூன்றாவது தொகுதியைப் பார்த்த பிறகு அந்த வாக்கியத்தை நான் சொல்லமாட்டேன்.

6 மே

தளம் போட்டுவிட்டார்களாம். எம்30, ரெடிமிக்ஸ், விடிகாலை நாலரைக்கு முதல் லாரி. வெடிப்பு இல்லை. மேஸ்திரி கவர் பிளாக் உயரத்தைப் பார்த்து, "கம்பியைக் கட்டிலில் படுக்க வைத்த மாதிரி இருக்கு" என்றாராம்.

என் பக்கம் மிச்சமிருந்த சிலிக்காவைச் சிமெண்ட் தரையில் பூசிப் பார்க்கலாம் என்று இன்று கேனைத் திறந்தேன். மேற்பரப்பைக் கெட்டிப்படுத்த அப்படியும் பயன்படுத்துவதுண்டு. ஊற்றினால் வரவில்லை. கவிழ்த்தேன், வரவில்லை. உள்ளே முழுக்க ஜவ்வரிசிப் பாயசம் இறுகின மாதிரி ஜெல்லி.

பையனைக் கேட்டேன். க்யூப் போட்ட அன்று அளக்க எந்த மக்கை விட்டாய் என்றேன். சிமெண்ட் அள்ளின மக்காம்.